செத்த விட்டில்பூச்சிகள்

சீன எழுத்தாளர் சான் ஷுவேயின் ‘மலைமேல் குடிசை’ 1985இல் வெளிவந்த சிறுகதை. கதை சொல்பவருக்குத் தினமும் வீட்டில் ஒரே வேலை: தன் டிராயரை ஒழுங்குபடுத்துவது. அவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டார் அதைப் புரட்டிப் போடுகிறார்கள். உள்ளே பத்திரமாக வைத்திருந்த செத்த விட்டில்களும் தும்பிகளும் தரையில் கிடக்கின்றன. கேட்டால், டிராயரைச் சுத்தம் செய்துகொடுத்தார்களாம்!

நமக்கும் அவை குப்பையாகத்தான் தெரியும். ஆனால் அந்த ஆளுக்கு உயிர் அதில்தான் இருக்கிறது.

சுத்தம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பிறர் வாழ்க்கையைக் கலைப்பவர்களைச் சான் ஷுவே சிறு வயதிலேயே பார்த்தவர். 1953இல் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகரில் பிறந்தார். அப்பா பத்திரிகைக்காரர். 1957இல் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரானவர் என்று அவர்மீது ‘வலதுசாரி’ முத்திரை விழுந்தது. குடும்பம் வீட்டையும் இழந்து வறுமையில் விழுந்தது. மகளின் படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. தொழிற்சாலையில் பல வருடம் உழைத்தார். பிறகு கணவரோடு சேர்ந்து தையல் பழகிக் கடை போட்டார். எழுத உட்கார்ந்தபோது முப்பது வயது.

கதைகள் வந்ததும், இது புத்தி பேதலித்த எழுத்து என்று சொன்ன விமர்சகர்களும் இருந்தார்கள். அவர் எழுத்தை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளவில்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் போல எழுதுவார். எழுதியதைத் திருத்தவும் மாட்டார். தன் கையே தன் டிராயரைக் கலைத்துவிடக் கூடாது என்பதுபோல! அந்தக் கதைகள் 1989இலேயே ஆங்கிலத்தில் தொகுப்பாக வந்தன. இன்னொரு சிறுகதைத் தொகுப்பு 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

நம் வீடுகளில், கெட்ட எண்ணத்தோடு நம்மைக் கலைப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் அன்புள்ளவர்கள்தான், நல்லது செய்கிறோம் என்று நம்பிக் கை வைக்கிறார்கள். அதனால்தான் அவர்களோடு சண்டை போடவும் முடிவதில்லை. நாமும் அதையேதான் செய்கிறோம். பிள்ளை சேர்த்துவைத்த கூழாங்கற்களை ‘எதுக்கு இந்தக் குப்பை?’ என்று வாரிக் கொட்டுகிறோம். வயதானவரின் பழைய டிரங்குப் பெட்டியை அவரைக் கேட்காமலே காலி செய்கிறோம். மனைவி தனக்கென்று ஒதுக்கும் அரை மணி நேரத்தில், உருப்படியாக ஏதாவது செய்யலாமே என்று யோசனை சொல்கிறோம்.

அடுத்தவருக்கு எது பொக்கிஷம் என்பதை நம் கண்ணால் அளக்க முடியாது. இன்று யாருடைய பொருளையாவது நேரத்தையாவது ஒழுங்குபடுத்தக் கை நீளும்போது, முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்: “இதை எடுக்கலாமா?” வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.