பிரயாணமும் ஒரு நிஃமத்தே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்தபின் ஓர் இளைஞர் என்னிடம் வந்து அமர்ந்தார். ஜவுளிக் கம்பெனி ஒன்றில் சரக்குக் கொள்முதல் செய்வது அவர் வேலை. ஒரு மாதம் சூரத், மறு மாதம் பாங்காக், அதன்பின் காண்டன் என்று ஊர் ஊராகப் போய் வருகிறார். "ஹஜ்ரத், இந்த வேலையில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். விமானம் மேலெழும்பும் போதெல்லாம் நெஞ்சு சிறுபிள்ளை போல் துள்ளுகிறது. துன்யாவின் மேல் இவ்வளவு பிரியம் வைப்பது குற்றமாகுமா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பிரயாணம் செய்து பிழைப்பவர்கள்தானே நம்மில் பலரும்!

சகோதரர்களே, சந்தோஷம் குற்றமல்ல. அது யாரை நோக்கித் திரும்புகிறது என்பதே கேள்வி. திருக்குர்ஆனில் வியாபாரப் பிரயாணம் செய்த இரண்டு கூட்டத்தாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது.

முதற் கூட்டத்தார் குறைஷிகள். 106-வது ஸூரா அவர்கள் பெயராலேயே அமைந்தது, நாலே ஆயத்துகள். குளிர் காலத்தில் எமனுக்கும் கோடை காலத்தில் ஷாமுக்கும் வியாபாரக் கூட்டமாகச் சென்று வந்தவர்கள் அவர்கள். விளைச்சலில்லாத மக்காவில் அவர்கள் பசியாறியதும், கொள்ளைக்காரர் நடமாடிய பாலையில் பயமின்றி நடந்ததும் கஃபாவின் ரட்சகன் அளித்த அருள். ஆகவே அந்த வீட்டின் ரப்பை வணங்குங்கள் என்று அல்லாஹு தஆலா அவர்களுக்குக் கட்டளையிடுகிறான். கவனியுங்கள்! பிரயாணத்தை விடுங்கள் என்று சொல்லவில்லை. பிரயாணத்தைக் கொடுத்தவனை மறவாதீர்கள் என்றே சொல்கிறான்.

இரண்டாவது கூட்டத்தார் ஸபா நாட்டார். அவர்கள் வரலாறு 34-வது ஸூராவில் வருகிறது. வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள். போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அடுத்தடுத்து ஊர்கள். இரவானாலும் பகலானாலும் அச்சமின்றிச் செல்லலாம். அந்தச் சுகம் அவர்களுக்குச் சலித்துப் போயிற்று. எங்கள் பிரயாணங்களின் தூரத்தை அதிகமாக்கு என்று கேட்டார்கள். அணை உடைந்தது, தோட்டங்கள் அழிந்தன, அவர்கள் சிதறிப் போய்ப் பிறர் பேசும் கதையானார்கள். இலேசான வழியை இலேசாக நினைத்ததன் பலன் அது.

நம் கதை என்ன? 1926-ல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நாட்கணக்கில் கடலில் வந்தவர்கள் நம் பாட்டன்மார். ஊரில் பிள்ளை பிறந்த சேதி கடிதமாக இங்கு வந்து சேரும்; அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வருஷங்கள் ஆகும். இன்று சிங்கப்பூரில் ஏறினால் நாலு மணி நேரத்தில் திருச்சியில் இறங்குகிறோம். ஆனால் விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால் முணுமுணுக்காதவர் நம்மில் எத்தனை பேர்? ஸபாக்காரரின் சாயல் நம்மிடம் இல்லையென்று சொல்ல முடியுமா?

ஷுக்ர் என்பது உள்ளத்தாலும் நாவாலும் உறுப்புகளாலும் செய்யப்படுவது என்று நம் உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சம்பாத்தியம் என் சாமர்த்தியமல்ல என்று அறிவது உள்ளத்தின் ஷுக்ர். வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆ நாவின் ஷுக்ர். இவ்வாகனத்தை நமக்கு வசப்படுத்தியவன் தூயவன், நம் சக்தியால் இது ஆகியிராது, முடிவில் நாம் ரப்பிடமே திரும்புகிறவர்கள் என்பது அதன் கருத்து. விமானம் எழும்பும்போது துள்ளுகிற நெஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை வேறில்லை.

உறுப்புகளின் ஷுக்ர் தொழுகையிலும் நாணயத்திலும் இருக்கிறது. முஸாபிருக்கு லுஹர், அஸர், இஷா நாலு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கித் தொழ அனுமதி உண்டு. ஷாபிஈ மத்ஹபில் ஏறத்தாழ 81 கிலோமீட்டர் தூரப் பயணம் இதற்குப் போதும். ஹனபிகள் தம் ஆலிமிடம் கணக்கைக் கேட்டுக் கொள்ளுங்கள். பாதியாக்கிக் கொடுத்த பிறகும் தொழாதவர் என்ன சாக்குச் சொல்வார்? நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நுபுவ்வத்துக்கு முன் கதீஜா நாயகியாரின் சரக்கைக் கொண்டு ஷாம் சென்றார்கள். உடன் சென்ற மைஸரா திரும்பி வந்து எஜமானியிடம் புகழ்ந்து சொன்னது அவர்களுடைய நற்குணத்தையும் நேர்மையையும்தான். முதலாளியின் கண் எட்டாத ஊரில் எழுதும் செலவுக் கணக்கும் ஓர் அமானத்தே.

இவ்வளவும் கேட்ட இளைஞர் முகமலர்ச்சியுடன் எழுந்தார். "தம்பி, இன்னும் ஒன்று. நீங்கள் போய் வருகிற சந்தோஷத்துக்கு வீட்டில் யார் விலை கொடுக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் மறுபடியும் உட்கார்ந்தார். சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "போன தடவை நான் பாங்காக்கில் இருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல். நடுராத்திரியில் அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் கவலைப்படுவேன் என்று எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்த இரவு ஒரு மணி நேரம் ஊர்க்கதை பேசினேன். பிள்ளை எப்படி இருந்தது என்று கேட்கவேயில்லை."

மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து. பிரயாணம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்கும் ஒரு வேதனை, ஆகவே காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். திரும்புவது என்றால் பெட்டி மட்டும் வீடு வந்து சேர்வதல்ல. மனமும் வந்து சேர வேண்டும்.

சகோதரர்களே! நீங்கள் வெளியூர் போயிருக்கையில் கடையைத் திறந்து வைத்தவர், கல்லாவைக் காத்தவர், பிள்ளைக்கு மருந்து கொடுத்தவர் அனைவரும் உங்கள் பிரயாணத்தில் பங்காளிகள். இனி ஊர் திரும்பினால் சலாம் சொல்லி நுழைந்து, நீங்கள் கண்டதைச் சொல்லுமுன் அவர்கள் பட்டதைக் கேளுங்கள். நன்றி செலுத்துவோருக்கு மேலும் தருவதாக அல்லாஹ் வாக்களித்திருக்கிறான்.

போகும் வழியைப் பாதுகாப்பாகவும், திரும்பும் வீட்டை பரக்கத்தாகவும் அவன் ஆக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.