பிரதியும் அமானிதமும்

2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் கண்ட பெருமழையை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 18ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வெள்ளம் புகுந்த வீட்டிற்குக் கட்டிலையும் மெத்தையையும் மீண்டும் வாங்கிவிடலாம். கணினிக்குள் இருந்த தந்தையின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

வீட்டுக் கணினி பல வேளைகளில் சொல்லாமல் மடிவதில்லை. முதலில் தயங்கும்; பின் முனகும்; திறந்த கோப்பு திறக்க மறுக்கும். உப்புக் காற்று வீசும் நம் கடற்கரையில் இரும்பே இற்றுப்போகிறது. நுண்ணிய கருவி எம்மாத்திரம்? ஆயினும், “வரும் வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்” என்று நாம் தள்ளிப்போடுகிறோம். இறுதியில் பிரதியெடுக்க அமர்ந்தால், பாதி வழியில் நின்றுவிடுகிறது. நோயுற்ற தட்டுக்கு அந்த உழைப்பே சுமையாகிறது. பழுதுற்ற கோப்போ பழுதுடனே பிரதியாகிறது. நலமாக இருந்த நாளில் ஒரு மணி நேரம் கேட்ட வேலை, நலிந்த நாளில் ஒரு வாரத்தை விழுங்கியும் முடிவதில்லை.

இவ்வாறு இழந்தபின், “எல்லாம் தக்தீர்” என்று ஆறுதல் கொள்வோர் உளர். இது சிந்திக்கத்தக்கது. ஹிஜ்ரி 12ஆம் ஆண்டளவில் யமாமாப் போரில் திருமறையை மனனம் செய்தோர் பலர் ஷஹீதாயினர். மறையை ஏட்டில் திரட்ட வேண்டுமென ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் வற்புறுத்தினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் செய்யாததை நாம் செய்வதா என ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள் முதலில் தயங்கினார்கள். பின் இணங்கி, ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். மறையைக் காப்பதாக இறைவனே வாக்களித்திருந்தும் அவர்கள் வாளாவிருக்கவில்லை. அத்தகைய வாக்குறுதி ஏதுமற்ற நம் உடைமைகளுக்கு, முயற்சியின்றித் தக்தீரைத் துணைக்கழைப்பது எங்ஙனம் தகும்? வெள்ளம் வந்தது விதியாகலாம். ஒற்றைப் பிரதியுடன் இருந்தது நம் செயலன்றோ!

ஹஜ்ரத் உதுமான் (ரலி) அவர்கள் பிரதிகளை வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பினார்கள். அதிலும் ஒரு பாடம் உண்டு. ஒரே மேசையில் கணினியும் அதன் பிரதியும் இருப்பின், ஒரே நீர் இரண்டையும் கொள்ளும். 1981 மே இறுதி இரவில் யாழ்ப்பாண நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பிற இடத்தில் பிரதி இருந்த நூலை மீண்டும் தேடி அடுக்க முடிந்தது. ஒற்றை ஏடு மீளவில்லை. உமறுப் புலவரின் சீறாப்புராணம் அவ்விதியினின்று தப்பியது, புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டி 1842இல் அச்சேற்றியதாலன்றோ!

பிரதி எடுத்ததோடு கடமை தீர்வதுமில்லை. ஹதீஸ் கலையோர் ‘முகாபலா’ என்றொரு முறையை வகுத்தனர். எழுதிய பிரதியை மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதே அது. ஒப்பிடாத பிரதியை அவர்கள் நம்பவில்லை. திறந்து பார்க்காத பிரதியை நாமும் நம்புதல் ஆகாது.

அங்ஙனமாயின் அனைத்தையும் சேர்த்துவைப்பதா? அன்று. ஒரே விருந்தின் நூறு படங்களைக் காப்பது பேணுதலாகாது. தேர்ந்தெடுக்க மனமில்லாமையே ஆகும். பாட்டியாரின் அரபுத்தமிழ்க் கிதாபின் படம், வீட்டுப் பத்திரம், முத்துக்குளித்த காலத்தை நினைவுகூரும் முதியவரின் பேச்சு ஆகியவை நம் தனியுடைமை அல்ல. உடன்பிறந்தாருக்கும் பிறக்கவிருப்போருக்கும் உரியவை. நம் கையில் அவை அமானிதம். எதைக் காப்பது என்பதை நாம் தேராவிடில், வெள்ளம் தேர்ந்துவிடும்.

ஆகவே, கணினி நலமாய் இருக்கும் இன்றே அவற்றைப் பிரித்தெடுத்து, ஒரு பிரதியைச் சென்னையிலோ கொழும்பிலோ உள்ள உறவினரிடம் சேர்ப்பித்து, அது திறக்கிறதா என்று கேட்டறிவோமாக.