எண்ணெய்க் கம்பி

கடிகாரத்துக்கு எண்ணெய் இடுவதில் இரண்டு விதமாகக் கெடுக்கலாம். குறைவாக இடலாம், அதிகமாக இடலாம். முதலாவது எல்லோருக்கும் புரிகிறது. இரண்டாவதை யாரும் முழு மனதோடு நம்புவதில்லை. அதிகமானால் என்ன, கொஞ்சம் வழியும், தூசி ஒட்டும், துடைத்துவிட்டால் போயிற்று என்கிறார்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. பித்தளைத் தகட்டில் போட்ட துளையில் சக்கரத்தின் அச்சுமுனை சுழல்கிறது. துளையைச் சுற்றித் தகட்டின் வெளிப்பக்கம் சின்னக் கிண்ணம் போலக் குடையப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் வேலை செய்த ஹென்றி சல்லி, ஜூலியன் லெ ருவா என்ற இருவரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஏற்பாடு இது. இரண்டு பரப்புகளுக்கு இடையே மாட்டிக்கொண்ட எண்ணெய், இடைவெளி எங்கே குறுகலோ அங்கே நகர்ந்து நிற்கும். அச்சுக்கும் துளைக்கும் நடுவே இருப்பதுதான் மிகக் குறுகலான இடம். துளி கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கும்வரை அது அங்கே காவலிருக்கும், வருஷக்கணக்கில். கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டித் தகட்டின் சமதளத்தைத் தொட்டுவிட்டால் படரத் தொடங்கும். படர்வது, பின்னால் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். சில மாதத்தில் தகடு முழுக்க மினுமினுக்கும், துளை மட்டும் உலர்ந்து கிடக்கும். அதிகம் கொடுத்ததன் பலன் அங்கே இல்லாமையாக வந்து சேர்கிறது.

என்னிடம் இருப்பது எட்டு நாளைக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரம். இம்மாதிரிக் கடிகாரங்களுக்கு நம் வீடுகளில் கோழி இறகால் தேங்காயெண்ணெய் தடவும் வழக்கம் இருந்தது. தேங்காயெண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும் பொருள். மார்கழி விடியற்காலையில் கோயம்புத்தூரில் அது சீசாவுக்குள் மட்டும் உறைவதில்லை. தையல் மிஷின் எண்ணெய் உறையாது, ஆனால் நிற்காது, ஓடிவிடும். எண்ணெய் எதுவாயினும், இறகுக்கு அளவு தெரியாது என்பதுதான் அடிப்படைக் குறை.

அளவு தெரிந்த ஒரு கருவியைச் செய்துகொள்ள மூன்று சாயங்காலங்கள் எனக்குத் தேவைப்பட்டன. கடையில் கிடைக்கிறது, பிடியின் நிறத்தைப் பார்த்து இன்ன அளவு என்று வாங்கிக்கொள்ளலாம். நான் செய்ததற்குச் சிக்கனம் காரணமில்லை. அளவு என்ற ஒன்று ஒரு பொருளுக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டும் என்றிருந்தது.

வெறும் ஊசியை எண்ணெயில் தோய்த்தால் துளி நுனியில் நிற்பதில்லை. கூம்பிய கம்பியில் துளி தடித்த பக்கமாக ஏறும். கொடுக்கவேண்டிய இடத்தை விட்டு, கொடுப்பவன் கையை நோக்கிப் போகும் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆகவே நுனியை அகலப்படுத்தி, அதற்குப் பின்னால் கழுத்தை ஒடுக்கவேண்டும். தையல் ஊசியின் நுனியை ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்சி, சுடரின் ஓரமாக மெல்ல மெல்ல வெளியே எடுத்து ஆறவிட்டால் எஃகு தன் விறைப்பை விட்டுவிடும். ஒரு பெரிய சுத்தியலைக் கவிழ்த்து அதன் முகத்தையே பட்டறையாக வைத்துக்கொண்டு, சின்னச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டு. நுனி தட்டையாகிறது. அதற்குமேல் எல்லாம் சாணைக்கல் வேலை: கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, வேலின் தலை போல, அதைவிட மழுங்கலாக, தேய்த்துக்கொண்டே வருவது. பிறகு மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவது. இவ்வளவு சின்னப் பொருள் சுடரிலிருந்து கிண்ணத்துக்குப் போகும் வழியிலேயே காற்றில் ஆறிவிடும் என்பதால் கிண்ணம் சுடரை ஒட்டியே இருக்கவேண்டும். இப்போது அது கண்ணாடி போல விறைத்திருக்கும், தொட்டால் ஒடியும். பளபளப்பாகத் தேய்த்துவிட்டு, தூரத்துச் சூட்டில் காட்டினால் நிறங்கள் வரும்: வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, அப்புறம் நீலம். நீலத்தில் நிறுத்தவேண்டும். சுமார் 300 டிகிரி. அந்த நீலம் வந்த எஃகு வளையும், ஒடியாது.

பிடிக்கு, தொட்டு எழுதும் பேனாவின் பழைய கட்டை ஒன்று கிடைத்தது. தற்செயல்தான். ஆனால் பேனா முள்ளின் பிளவும் இந்தக் கம்பியும் ஒரே நியாயத்தில் இயங்குகிறவை. மையை அதிகம் தோய்ப்பவர்கள் நம்மில் யார் யார் என்ற பட்டியலை இங்கே தவிர்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடித் துண்டில் பத்துத் துளி வரிசையாக வைத்துப் பார்ப்பது, தலையின் ஓரத்தை மயிரிழை தேய்ப்பது, மறுபடி பத்து. ஒரு கட்டத்தில் பத்தும் ஒரே மாதிரி நின்றன. அந்தத் துளி என் கடிகாரத்தின் கிண்ணங்களைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பியது.

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உன் கையில் இருந்த நிதானத்தை எடுத்துக் கம்பியில் வைத்துவிட்டாய். இனி உனக்கு நிதானம் வேண்டியதில்லை. எட்டு வயதுப் பையன்கூட இடலாம்.” அவர் இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சுவாங் ட்ஸுவின் நூலில் வரும் தோட்டக்காரக் கிழவரைத் துணைக்கு அழைத்தார். கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் மொண்டு மொண்டு வந்து பாத்திக்கு ஊற்றும் கிழவரிடம், கன்ஃபூசியஸின் சீடன் ஒருவன் சுலபமாக நீரிறைக்கும் பொறியைப் பற்றிச் சொல்கிறான். பொறியை உபயோகிப்பவனுக்குப் பொறியின் மனசு வந்துவிடும், தெரியாமல் இல்லை, வெட்கமாக இருப்பதால்தான் உபயோகிக்கவில்லை என்கிறார் கிழவர். பௌதிக விஞ்ஞானி ஹைசன்பர்க் இந்தக் கதையை எடுத்தாண்டதிலிருந்து மேற்கிலும் இதற்குச் செல்வாக்கு.

அந்தப் பொறி என்னவென்று கதை வர்ணிக்கிறது: பின்பக்கம் கனமாக, முன்பக்கம் இலேசாக உள்ள மரம். அதாவது நம் ஏற்றம். இது தெரிந்ததும் எனக்குக் கதையின் பலம் பாதியாகிவிட்டது. ஏற்றத்தில் ஒருவர் மரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்பார், இன்னொருவர் சாலைப் பிடித்து ஊற்றுவார். ஒரு அடி பிசகினால் கிணற்றுக்குள். அங்கே கவனம் ஒழிந்துவிடவில்லை. குடத்தைச் சுமக்கும் தோளிலிருந்து மரத்தில் நடக்கும் காலுக்குப் போயிற்று. எத்தனை சால் இறைத்தோம் என்று எண்ணுவதற்கு ஒரு பாட்டே உண்டானது. பொறி மனசு பாடுமா என்று நண்பரைக் கேட்டேன். பம்புசெட் பாடவில்லையே என்றார். இது நல்ல பதில். இன்றைக்கும் இதற்கு என்னிடம் முழுமையான மறுப்பு கிடையாது. பொறிகள் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்க நான் வரவில்லை. இந்த ஒரு கம்பியைப் பற்றித்தான் பேசுகிறேன்.

நண்பரின் குற்றச்சாட்டை அதன் கடுமையிலேயே எடுத்துக்கொள்வோம். நிதானம் என்பது ஒவ்வொரு தடவையும் புதிதாக, கை நடுங்க, தீர்மானிக்கப்படவேண்டிய ஒன்றா? அப்படியானால் முன்கூட்டியே உலோகத்தில் எழுதிவைக்கப்பட்ட அளவு நிதானமே ஆகாது. அரிஸ்டாட்டில் நடுநிலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மிலோ என்ற மல்லனைக் கொண்டுவருகிறார். பத்து அதிகம், இரண்டு குறைவு என்பதால் ஆறு எல்லோருக்கும் சரியான சாப்பாடு ஆகிவிடாது. மிலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அதிகம். மனிதர்கள் விஷயத்தில் சரியான அளவு பொருளில் இல்லை, ஆளைப் பொறுத்து இருக்கிறது என்பது வாதம். அச்சுமுனை மிலோ இல்லை. அதன் தேவை இன்றும் நாளையும் அதே தேவை. எனவே அதன் அளவை எஃகில் எழுதிவைப்பதில் ஒரு பொய்யும் இல்லை. இளம் கவிஞனுக்கு எவ்வளவு பாராட்டு இடுவது என்பதற்கு இப்படி ஒரு கம்பி அடித்துவைக்க முடியாது. அளவு மீறிய பாராட்டில் உலர்ந்துபோன துளைகளைப் பார்க்க நம் பத்திரிகைகளைப் புரட்டினாலே போதும்.

ஆனால் என் உண்மையான பதில் வேறிடத்தில் இருக்கிறது. பழைய மளிகைக் கடையின் ஆழாக்கை நினைத்துப் பாருங்கள். அது கடைக்காரரை யோக்கியராக்கிவிடவில்லை. குறைத்து அளக்க விரும்பினால், ஆழாக்கு இருந்தும், விரலை உள்ளே விட்டு அளக்கவேண்டும் என்ற நிலையைத்தான் அது உண்டாக்கியது. கைப்பிடியால் அள்ளிப் போட்டவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. விரலை விட்டவரைச் சொல்லலாம். இந்தக் கம்பியும் அப்படித்தான். அதிகம் இட வேண்டுமென்றால் நான் இரண்டாம் தடவை தோய்க்கவேண்டும். இறகு இருந்தபோது என் கவனக்குறைவே எனக்காக அதிகம் இட்டுவிட முடிந்தது. இப்போது முடியாது. அதிகம் என்பது நான் செய்யும் காரியமாகிவிட்டது. நண்பர் சொன்ன எட்டு வயதுப் பையனுக்கும் இதுவே பொருந்தும்: அவன் ஒரு துளி இடும்போது அது என் நிதானம், இரண்டாவது துளி இட்டால் அது அவனுடையது. கருவி நல்லொழுக்கத்தைத் தருவதில்லை. பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழிக்கிறது. அது நானே செய்த கருவியாக இருக்கவேண்டுமென்றும் இல்லை. கடையில் வாங்கியவருக்கும் அதே கோடுதான். நம் ஒழுக்கத்தில் பெரும்பகுதி யாரோ தேய்த்துவைத்த கம்பியை வாங்கி உபயோகிப்பதுதானே. சொந்தக் கையால் செய்ததில் ஒரு புனிதம் இருப்பதாகப் பேசுவது எனக்கு எப்போதும் சற்று அலுப்பைத் தரும்.

எண்ணெயே வேண்டாம் என்ற துறவும் உண்டு. ஜான் ஹாரிசன், இங்கிலாந்தின் தச்சர், லிங்கன்ஷயரில் பிராக்கிள்ஸ்பி பார்க்கின் குதிரைலாயக் கோபுரத்துக்கு 1722 வாக்கில் செய்த கடிகாரம் எண்ணெய் இடப்படாமலே ஓடும்படி அமைக்கப்பட்டது. லிக்னம் விட்டே என்ற மரத்தில் தாங்கிகளைச் செதுக்கினார். அக்காலத்து எண்ணெய் குளிரில் கெட்டிப்படும், நாளாக நாளாகப் பிசினாகும். கடிகாரம் பொய் சொல்வதற்கு அதுவே முதல் காரணம் என்று கண்டு, காரணத்தையே வெட்டினார். அபாரமான மனம். ஆனால் அந்த மரம் வழவழப்பது எப்படி? தனக்குள்ளேயே பிசினெண்ணெய் கசியும் மரம் அது. துறவிக்குள் ஒளிந்திருந்த சம்சாரம் போல. கடலில் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க அவர் 1759இல் முடித்த நான்காவது கருவி, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கடியாரம், வைரத்தையும் மாணிக்கத்தையும் வைத்துக்கொண்டு எண்ணெயோடு சமாதானம் செய்துகொண்டது. 1761இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் ஏறி ஜெயித்ததும் அதுதான். இருநூறு ஆண்டுக்குப் பின் ஜார்ஜ் டேனியல்ஸ் அதே கனவைத் தொடர்ந்தார். 1970களில் அவர் உருவாக்கி, 1999இல் ஒமேகா கைக்கடிகாரங்களில் விற்பனைக்கு வந்த அமைப்பு, பற்கள் உரசிச் சறுக்குவதைக் குறைத்து எண்ணெயின் அதிகாரத்தைக் குறைக்கப் பார்த்தது. அச்சுமுனைகளுக்கு அதிலும் எண்ணெய் வேண்டும்.

கம்பிக்குத் தெரியாதவை சில உண்டு. எங்கே தொடக்கூடாது என்று அதற்குத் தெரியாது. சுவர்க்கடிகாரத்தில் சக்கரப் பற்களுக்கு எண்ணெய் இடக்கூடாது, உலர்ந்தே ஓடவேண்டும். எண்ணெய் பட்டால் தூசி ஒட்டிச் சாணைப் பசையாகும். தூசித் துகள் மிருதுவான பித்தளையில் புதைந்துகொண்டு எதிரே உள்ள எஃகை அரிக்கும். பழைய கடிகாரங்களில் பள்ளம் விழுந்திருப்பது கடினமான எஃகில்தான். மெலிந்ததுதான் தேயும் என்று நினைத்திருப்பவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும்.

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதும் கம்பிக்குத் தெரியாது. நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் முதல் தடவையாகப் பேசாமல் இருந்தார். மெல்வில்லின் நாவலில் வரும் அதே நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வில்லியம் நை போன்றவர்கள் கடிகார எண்ணெய் வியாபாரம் செய்தார்கள். உறையாத, பிசினாகாத எண்ணெய். ஓங்கில்களின் தாடையிலிருந்தும் சில சிறு திமிங்கிலங்களின் தலையிலிருந்தும் எடுத்தது. கடுங்குளிரில் வைத்து, உறைவதை நீக்கி, உறையாமல் எஞ்சுவதை வடித்தார்கள். 1972இல் அமெரிக்கா கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் கொண்டுவரும் வரையிலான காலத்தில் உலகத்தின் துல்லியத்தில் ஒரு பகுதி அந்தத் தாடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கடிகாரத்துக்கு ஆன எண்ணெய், சொல்லிக்கொள்ளும்படியான அளவே இல்லை. மனசாட்சி ஒட்டுவதற்கு அதில் இடம் போதாது. என் கம்பியின் அளவு துளைக்குச் சரி; ஓங்கிலுக்கு அது ஒரு செய்தியும் சொல்வதில்லை. குறைவாக எடுத்துக்கொண்டோம் என்பதால் யாரிடமிருந்து எடுத்தோம் என்ற கேள்வி சின்னதாகிவிடுகிறதா? துளியைச் சின்னதாக்கிக்கொண்டே போகும் நிதானம் கேள்வியையும் அப்படியே கண்ணுக்குத் தெரியாததாக்கிவிடுகிறது என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. கோடு கிழித்துப் பொறுப்பைக் காட்டுகிற அதே கருவி, கோட்டுக்கு அப்பால் இருட்டாக்கிவிடவும் கூடும். இதை நண்பரின் கட்சிக்கு ஒரு சாட்சியமாக நானே ஒப்படைக்கிறேன்.

என்னிடம் இருப்பது ஆய்வுக்கூடத்தில் உண்டான செயற்கை எண்ணெய். சின்னச் சீசா. என் ஆயுளுக்குப் போதும். ஆனால் இந்தக் கடிகாரம் என்னைவிட மூத்தது. இதற்கு யார் யார் எதை எதை இட்டார்களோ. புதிதாக எண்ணெய் இடுமுன் துளைகளைச் சுத்தம் செய்யவேண்டும். குச்சியைக் கூராகச் சீவித் துளையில் விட்டுத் திருகினால், பித்தளையைத் தின்று பச்சையேறிய பழைய பிசுக்கு நுனியில் அப்பிக்கொண்டு வரும். நுனியைச் சீவி எறிந்துவிட்டு மறுபடி விடவேண்டும். அப்புறம் கறுப்பாக வரும், பழுப்பாக வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை சீவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஒரு துளைக்கு ஏழெட்டுத் தடவை ஆகிறது.