தண்டனை யாருக்கு?

குற்றம் செய்தவன் தண்டனை அடையவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. குற்றம் செய்யாதவன் அடையக்கூடாது என்பதையும் ஆட்சேபிப்பார் யாருமிலர். இவ்விரண்டையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் அறிவுடையோர்கூட, ஒருவன் சிறைக்குச் சென்ற நாள்முதல் அவன் வீட்டில் நடப்பது யாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. நீதிபதி ஒருவனது பெயரைச் சொல்லித் தீர்ப்பளிக்கிறார். அத்தீர்ப்பை அனுபவிப்போரோ நாலைந்து பேர். அவர்களுள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் இருக்கலாம். கண்பார்வை மங்கிய கிழவியும் இருக்கலாம். இது நியாயமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் விஷயம்.

தோட்டத்திலிருந்தே தொடங்குவோம். காலைப் பெரட்டில் ஒருவன் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், செக்ரோலில் விழுவது ஒரு சிறு குறிதான். ஆனால் அக்குறிக்குள்ள பலத்தைக் கிராணிமார் நன்கறிவர். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, முன்னனுமதியும் தக்க காரணமுமின்றித் தொடர்ந்து 2 வேலைநாளுக்குமேல் வராதவனை, ஒப்பந்தத்தை முறித்தவனாகக் கொள்கிறது. லாக்கப்பில் கிடப்பவன் யாரிடம் போய் அனுமதி கேட்பான்? லயத்து வீடோ வேலைக்காகக் கொடுக்கப்பட்டது; வேலை போனால் வீட்டுக்கும் ஆபத்து. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறிச் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்த நம்மவர் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. அங்கே வீட்டைக் கேட்பவர் மானேஜர் அல்லர், வாடகைக்காரர் என்பதே வித்தியாசம். வழக்கு இன்னும் நீதிமன்றப் படியேறவில்லை. வீட்டுக்குரிய தண்டனையோ தொடங்கிவிட்டது.

இனி, கைதியைக் காணப் போவதைப் பார்ப்போம். பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணொருத்தி, சுங்கை பூலோ சிறையிலிருக்கும் புருஷனைப் பார்க்கவேண்டுமானால், ஒருநாட் சம்பளத்தை இழக்கவேண்டும். பஸ் கட்டணத்துக்குக் கடன் வாங்கவேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி உடனழைத்துச் செல்லவேண்டும், அன்றேல் அக்கம்பக்கத்தில் விடவேண்டும். இத்தனைக்கும் பலன், கண்ணாடிக்கு இப்புறமிருந்து பேசும் சில நிமிஷங்கள். இச்செலவை எந்தத் தீர்ப்பிலும் எவரும் எழுதியதில்லை. ஆயினும் மாதந்தோறும் அது வசூலாகிறது.

இந்நாட்டுச் சரித்திரத்தைச் சற்றே புரட்டினால் ஓர் உண்மை புலனாகும். 1948இல் வெள்ளைக்காரச் சர்க்கார் பிறப்பிக்கத் தொடங்கிய அவசரகால ஒழுங்குவிதிகள், விசாரணையின்றிக் காவலில் வைக்கவும், காவலில் உள்ளவனோடு அவனை அண்டி வாழ்வோரையும் சேர்த்து நாடுகடத்தவும் இடந்தந்தன. அதாவது, குடும்பத்தையும் தண்டிக்கிறோம் என்பதைச் சட்டமே வாய்விட்டுச் சொல்லிற்று. பின்னர் 1960இல் வந்த இசா சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒருவனை 2 ஆண்டு அடைத்துவைத்து, அக்காவலை மேன்மேலும் நீட்டிக்கொண்டே போகலாம் என்றது. 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர் ஐவர் கமுந்திங் முகாமுக்குச் சென்றது இச்சட்டத்தினால்தான். அனைவரும் வெளிவர 2009 ஆயிற்று. சிறைவாசத்தின் முடிவுநாள் தெரிந்தால் ஒரு தாய் விரல்விட்டு எண்ணியாவது ஆறுதலடைவாள். முடிவே தெரியாத காவலில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

இசா 2012இல் நீங்கிற்று. அவ்விடத்தில் சொஸ்மா வந்தது. விசாரணைக்காக 28 நாள்வரை அடைத்துவைக்கலாம். குற்றஞ்சாட்டப்பட்டபின் ஒருசிலர்க்கன்றி ஏனையோருக்குப் பிணை கிடையாது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் இச்சட்டத்தின்கீழ்ப் பிடிபட்டனர். நம் மாநிலத்துச் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும், மலாக்கா காடேக் உறுப்பினர் ஜி. சாமிநாதனும் அவர்களுள் இருவர். அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 27. அவ்வீடுகளில் அன்று விளக்கேற்றியவர் மனம் எப்படி இருந்திருக்கும்! பிணை மறுக்கும் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று நவம்பர் 29இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியும் கதவு திறக்கவில்லை. 2020 பிப்ரவரி 21இல்தான் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். நான்கு மாதத்துக்குமேல் சென்றபின், குற்றவாளி என்ற தீர்ப்பே இல்லாமல் அவர்கள் வீடு திரும்பினர். தீர்ப்பில்லை, தண்டனை மட்டும் நடந்தேறிவிட்டது. விசாரியாமல் தண்டித்த பாண்டியனைக் குறைகூறிக் கண்ணகிக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், இவ்வீட்டுப் பெண்டிரின் கேள்விக்கு என்ன விடை சொல்லப்போகிறோம்?

"குடும்பத்தின்மேல் அக்கறை உள்ளவன் குற்றம் செய்வானா?" என்று சிலர் கேட்பர். கேள்வி சரியே, ஆனால் அது அவனைக் கேட்கவேண்டிய கேள்வி. அவன் மகளை அக்கேள்விக்கு விடைசொல்ல வைப்பது எங்ஙனம் பொருந்தும்? வேறு சிலர், "எந்தத் தண்டனைதான் குடும்பத்தைத் தொடாது? சிறைகளையெல்லாம் திறந்துவிடலாமா?" என்பர். நாம் அவ்வாறு சொல்லவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் துயரம் இருந்தே தீரும். அதைச் சட்டத்தால் துடைக்க இயலாது. ஆனால் தவிர்க்கமுடியாத துயரம் வேறு, நாமே கூட்டிவைக்கும் துயரம் வேறு. கைதியைத் தொலைதூரத்துச் சிறையில் வைப்பதாலோ, தாயின் சாவுக்குப் போகவிடாமல் தடுப்பதாலோ, எந்த ஊர் எவ்வளவு பத்திரமாகிவிட்டது? பத்திரத்தைக் கூட்டாத கஷ்டம் எதுவாயினும் அது நீதியில் சேராது. வெறும் கொடுமையே ஆகும்.

தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா சிறையிலிருக்கையில் 1968இல் தாயாரும், 1969இல் மூத்த மகனும் இறந்தனர். இரு சவ அடக்கத்துக்கும் அவரைச் சர்க்கார் விடவில்லை. அவர் பெயராலேயே 2015இல் ஐக்கிய நாடுகள் சபை கைதிகளை நடத்தும் விதிகளைத் திருத்தி அமைத்தது. கூடியவரை கைதியை அவன் வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நாம் கேட்பதும் அதிகமில்லை: வீட்டுக்கு அருகில் சிறை, விசாரணைக்குமுன் பிணை, அடைக்கப்பட்டவன் எங்கிருக்கிறான் என்பது அன்றைக்கே மனைவிக்குத் தெரியும் வழி, வழக்கு முடியும்வரை குடும்பத்துக்கு லயத்து வீடு.

நிற்க. சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. சட்டம் விதியாத ஒரு தண்டனையை நம் சமூகம் விதிக்கிறது. அதற்கு மேன்முறையீடும் கிடையாது. "ஜெயிலுக்குப் போனவன் பெண்" என்றால் சம்பந்தம் பேச வருபவர் வாசலோடு திரும்புகிறார். கோவில் விசேஷத்தில் அவ்வீட்டுக்கு வெற்றிலைபாக்கு வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பென்சில் காணாமற்போனால் முதலில் சோதிக்கப்படுவது அப்பையனின் பை. இவற்றைச் செய்வோரைக் கேட்டால், "தலைவிதி, பெற்றவன் செய்த பாவம்" என்பர்.

பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் அல்லன், தாழ்ந்தவனும் அல்லன் என்று மேடைதோறும் முழங்குகிறோம். பிறப்பினால் உயர்வில்லையெனில் பிறப்பினால் குற்றமும் இல்லை. முன்னதை ஏற்றுப் பின்னதை மறுப்பவன், சாதியைத் தெருவாசலில் விரட்டிவிட்டுக் கொல்லைவழியே உள்ளே அழைத்துக்கொள்பவனே ஆவான். சர்க்காரின் சட்டம் மாறப் பாராளுமன்றம் கூடவேண்டும். கை உயர்த்துவோர் வேண்டும். நம் வழக்கம் மாற அவையொன்றும் வேண்டியதில்லை. அவ்வீட்டுக்கும் பத்திரிகை வைப்போம். அப்பிள்ளையையும் நம் பிள்ளைகளோடு பந்தியில் உட்காரவைப்போம். அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.