சவுலின் கவசமும் தகப்பனின் ஜேர்சியும்

மறைக்கல்வி வகுப்பிற்குப் பிள்ளைகளை வீடு வீடாகச் சென்று அழைக்க வேண்டியிருக்கிறது. உதைபந்தாட்டப் போட்டிக்கோ அழைப்பே தேவையில்லை. மன்னார்க் கரையோர ஊர்களில் கோவிலில் திருவிழாக் கொடி ஏறினால், மைதானத்திலும் ஆரவாரம் தொடங்கிவிடும். வலை பொத்திக்கொண்டிருந்தவர் ஊசியை வைத்துவிட்டு வருவார். சம்மாட்டியும் வருவார், அவரிடம் கூலிக்குத் தொழில் செய்பவரும் வருவார். அந்த ஒன்றரை மணி நேரம் இருவரும் ஒரே மணலில் சமமாக அமர்ந்திருப்பார்கள். இது சிறிய நன்மையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஓலைத்தொடுவாயில் அப்படியொரு போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ஊர் அணிக்குத் தண்ட உதை கிடைத்தது. உதைக்க வந்தவன் பதினேழு வயது இளைஞன். பந்து கோல் கம்பத்துக்கு மேலாகப் பறந்து பனைகளுக்குள் விழுந்தது. என் அருகே இருந்த முதியவர் தலையில் கை வைத்தார். “சுவாமி, இவன்ட அப்பன் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சிருப்பான்” என்றார்.

பரிசளிப்பு வேளையில் ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. முதியவரின் சொல்லையே வேடிக்கையாக எடுத்து, “தகப்பனின் பெயர் வந்திருக்கிறது, தகப்பனின் கால் இன்னும் வரவில்லை” என்றேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்றிரவு அந்த இளைஞன் பங்குமனைக்கு வந்தான். கோபமாக வரவில்லை. “சுவாமி, அப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராதபோது எனக்கு ஒரு வயசும் ஆகேல்லை. அவர் அடிச்ச கோலை எல்லாரும் சொல்லுறாங்கள். அவர் எப்படிச் சிரிப்பார் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை” என்றான். மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று எழுந்த கேள்வியையே இன்று வாசகர்முன் வைக்கிறேன். பழைய ஆட்டங்களையும் பழைய ஆட்டக்காரரையும் நினைந்து ஏங்கும் நாம், அந்த நினைவைப் பிள்ளைகளுக்குக் கொடையாகக் கொடுக்கிறோமா, அல்லது கடனாகச் சுமத்துகிறோமா?

கடந்ததை எண்ணி ஏங்குவது தவறென்று நான் கூற வரவில்லை. 1688ஆம் ஆண்டில் யோகான்னஸ் ஹோபர் என்னும் சுவிற்சர்லாந்து மருத்துவ மாணவர், வீடு திரும்புதல், வேதனை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இந்த ஏக்கத்துக்கு ஒரு பெயர் சூட்டினார். அவருக்கு அது ஒரு நோய். அந்நிய நாட்டில் கூலிப்படையாய் இருந்த சுவிஸ் வீரர் ஊரை நினைந்து மெலிந்துபோன நோய். நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டில் போர் மூண்டபோது இத்தீவிலிருந்து எத்தனை பேர் வள்ளங்களில் இராமேஸ்வரம் சென்று மண்டபம் முகாமில் நாள்களை எண்ணினார்கள்! எல்லாம் இழந்தவனுக்கு எஞ்சியிருப்பது நினைவு. அதில் தன் ஊர் மைதானத்தில் கேட்ட ஆரவாரம் ஒலிக்குமானால், அவன் இன்னும் ஓர் ஊரைச் சேர்ந்தவன் என்பதற்கு அதுவே சாட்சி.

2025ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த பாப்பரசர் பிரான்சிஸ் இந்த ஏக்கத்தை அறிந்தவர். ஆஜென்ரீனாவின் புவனோஸ் அயர்ஸ் நகரில் சான் லொரென்சோ என்னும் உதைபந்தாட்டக் கழகம் உண்டு. தெருவில் பந்தடித்துத் திரிந்த சிறுவர்களை வாகன ஆபத்திலிருந்து காக்க, லொரென்சோ மாஸ்ஸா என்னும் சலேசியக் குரு தம் கோவில் வளவை அவர்களுக்குத் திறந்துவிட்டார். அவரை முன்னிட்டு 1908ஆம் ஆண்டில் கழகத்துக்கு அப்பெயர் வைக்கப்பட்டது. பாப்பரசரின் தந்தை அதே கழகத்தில் கூடைப்பந்து ஆடியவர். மகனை உதைபந்தாட்டத்திற்கு அழைத்துச் சென்றவரும் அவரே. 1946ஆம் ஆண்டில் வாகை சூடிய அணியைப் பாப்பரசர் முதுமை வரை மறக்கவில்லை. அன்னை மரியாளுக்கு நேர்ந்துகொண்டு 1990 முதல் தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டபோதிலும், தம் அணியின் வெற்றி தோல்வியைச் சுவிஸ் காவலர் ஒருவர் மூலம் அறிந்து வந்தார். அக்கழகத்தின் பழைய மைதானம் 1979இல் கைவிட்டுப் போய், அவ்விடத்தில் பேரங்காடி எழுந்தது. அந்த மண்ணுக்கே திரும்ப வேண்டுமென்று இரசிகர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். இத்தகைய பற்றை யார் இகழ முடியும்? தந்தையின் கைபிடித்துப் போன பாதையை மனிதன் மறப்பதில்லை.

ஆயினும், நினைவு நம்மை ஏமாற்றக்கூடியது. கடந்த காலம் உள்ளத்தில் நினைவாக மட்டுமே இருக்கிறது என்று புனித அகுஸ்தினார் தமது ‘அறிக்கைகள்’ நூலில் ஆராய்கிறார். அப்படியானால், நினைவு கூர்வது இன்றைய உள்ளமே. இன்றைய உள்ளத்துக்குப் பிடித்ததை அது வைத்துக்கொள்ளும், பிடிக்காததைத் தள்ளிவிடும். வலைக்குள் நின்ற பந்து நினைவில் நிற்கும். வெளியே போன பந்து மறந்துபோகும். பழைய நாள்களே மேலானவை என்று புலம்புவது ஞானமன்று எனச் சபை உரையாளர் நூலின் ஏழாம் அதிகாரம் எச்சரிப்பதன் காரணம் இதுதான் போலும்.

நம் பொற்காலக் கதைகளில் விடுபட்டுப் போகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். எதிரணியில் ஆடிய அயலூர் முஸ்லிம் சகோதரரைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசுகிறோம்? 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் அவர்கள் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போக நேர்ந்ததே. அவர்களுடைய மைதான நினைவுகள் நம் கணக்கில் உண்டா? இதற்கு மாறாக, முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கைகலப்பை மட்டும் மறவாமல், “அந்த ஊரானோடு கவனமாய் இரு” என்று சிறுவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆட்டத்தோடு பகையையும் முதுசொம்மாக எழுதி வைக்கிறோம். அன்பைச் சுமந்து வரவேண்டிய நினைவு நஞ்சைச் சுமந்து வருகிறது.

“தாய் தந்தையரை மதிக்கும்படி நான்காம் கட்டளை சொல்லவில்லையா? தகப்பன் புகழை மகன் காப்பது கடமையல்லவா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்றோருக்கும் பிறந்த மண்ணுக்கும் நாம் பட்ட கடனைச் சரிக்குச் சரி திருப்பிக் கொடுக்கவே முடியாது என்பது புனித தோமாஸ் அக்குவீனாரின் போதனை. ஆகவே கடன் உண்மையே. ஆனால் தீராத கடனைத் தீர்க்கும் வழி ஒன்றே ஒன்று என்று யார் விதித்தார்கள்? மதித்தல் வேறு, நகலெடுத்தல் வேறு. தந்தையின் உயிரை மகன் பெற்றிருக்கிறான். தந்தையின் வாழ்வை மறுபடியும் வாழ்ந்து காட்டும் பொறுப்பு அவனுக்கு இல்லை.

தமிழகத்தின் டெனிஸ் குடும்பம் ஒன்று நினைவுக்கு வருகிறது. டி. கே. இராமநாதன் தம் மகன் இராமநாதன் கிருஷ்ணனைப் பயிற்றுவித்தார். கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்று, 1960, 1961ஆம் ஆண்டுகளில் அங்கே அரையிறுதி வரை சென்றார். அவருடைய மகன் ரமேஷ் 1979இல் அதே இளையோர் பட்டத்தை வென்றார். 1986இல் விம்பிள்டன் காலிறுதியோடு நின்றார். ஒரு படி குறைவு என்று அளப்பவர் அளக்கட்டும். 1966இல் தந்தையும் 1987இல் மகனும் இந்திய அணியை டேவிஸ் கிண்ண இறுதிப் போட்டிக்கு அழைத்துச் செல்ல உதவினார்கள். இருமுறையும் அணி தோற்றது. அதனால் அவர்களுடைய வாழ்வு குறைந்துபோயிற்றா? அமெரிக்காவின் பேஸ்போல் ஆட்டத்தில் 1990ஆம் ஆண்டு கென் கிறிஃபி என்னும் ஒரே பெயருடைய தந்தையும் மகனும் ஒரே அணியில் ஆடினார்கள். தந்தைக்கு வயது 40, மகனுக்கு 20. அப்படி அருகருகே ஓடக் கிடைப்பது அரிய பேறு. ஆனால் நம் மைதானங்களில் பல பிள்ளைகள் தந்தையோடு ஓடவில்லை. தந்தையின் நிழலைத் துரத்தி ஓடுகிறார்கள்.

கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட சிறுவன் தாவீதுக்குச் சவுல் அரசர் தம் கவசத்தை அணிவித்ததை சாமுவேல் முதல் நூலில் வாசிக்கிறோம். சவுலின் நோக்கம் தீயதன்று. தம்மிடமிருந்த சிறந்ததையே கொடுத்தார். ஆனால் அதை அணிந்துகொண்டு தாவீதால் நடக்க முடியவில்லை. அவர் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, தம் கைக்குப் பழகிய கவணோடும் ஐந்து கூழாங்கற்களோடும் சென்றார். கழற்றியதை அவமதிப்பாகச் சவுல் கொள்ளவுமில்லை. நம் வீடுகளில் மடித்து வைத்திருக்கும் பழைய ஜேர்சியும் சிலவேளை சவுலின் கவசமாகிவிடுகிறது. பிள்ளை அதை விரும்பி அணிந்தால் இறைவனுக்கு நன்றி. பாரமென்று கழற்றினால், அதற்கும் இடங்கொடுப்போம். அவன் கையில் ஆண்டவர் வேறு கவணைக் கொடுத்திருக்கலாம்.

மறுநாள் நான் அந்த முதியவரைத் தேடிப் போய், இளைஞன் சொன்னதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சுவாமி, இவன்ட அப்பனும் ஒருக்கா இப்படித்தான் மேலால அடிச்சவன். அண்டைக்கு வள்ளத்துக்குப் பின்னால இருந்து அழுதவன். நான்தான் தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான். எப்படி மறந்தனோ தெரியேல்லை” என்றார். அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்று, தாயும் மகனும் கேட்க அதைச் சொன்னாராம். தகப்பன் சிரித்த விதத்தையும் சொன்னாராம். அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் நான் இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லார் முன்னிலையிலும் சொன்ன சொல்லாகையால், எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்.

அன்பர்களே, இவ்வாண்டும் திருவிழாக்கள் வரும், மைதானங்கள் நிறையும். பழங்கதைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லும்போது வெற்றியோடு தோல்வியையும் சொல்லுங்கள். எதிரணியில் ஆடியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், “நீயும் அப்படி ஆகவேண்டும்” என்ற ஒரு வசனத்தை மட்டும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள்.