கற்படுக்கை காட்டும் கல்வி நெறி



சமயம் மனிதனுக்கு என்ன தந்தது என்னும் வினா இந்நாளில் பலராலும் எழுப்பப்படுகிறது. சடங்கையும் பிணக்கையும் அன்றி வேறொன்றும் தரவில்லை என்று உரைப்பாரும் உளர். நம் இல்லத்துப் பிள்ளைகளே இவ்வாறு கேட்கின்றனர். அவர்களைச் சினந்து பயனில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அக்குன்று விடை பகரும்.

குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை உள்ளது. அங்கே வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற 17 கற்படுக்கைகளைக் காணலாம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் அங்கு உண்டு. எருமை நாட்டில் பிறந்த துறவி ஒருவருக்கு இளையர் என்பார் இருக்கை அமைத்துத் தந்த செய்தியை அது கூறுகிறது. எருமை நாடென்பது மைசூர்ப் பகுதி என்பர் அறிஞர். வேற்று நாட்டிலிருந்து வந்த தவத்தோரை இம்மண் அந்நியராகக் கருதவில்லை. அவருக்கு இடம் தந்தது. அச்செயலைத் தன் மொழியில் எழுதியும் வைத்தது. தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் பல இத்தகைய துறவியர் குகைகளிலேயே கிடைத்துள்ளன. பள்ளி என்னும் ஒரே சொல் படுக்கையையும், தவத்தோர் உறைவிடத்தையும், கல்விக்கூடத்தையும் குறிப்பதை எண்ணிப் பாருங்கள்.

அடிவாரத்திலுள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பெற்றுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் உலவுகின்றன. பவ்வியர் மலர் கொய்கின்றனர். பகவானின் அறவுரை கேட்கும் சமவசரணத்தைச் சார்ந்த காட்சி இஃது என்பர். அச்சபையில் விலங்குகட்கும் இடம் உண்டு. கௌதம கணதரர் வினவ, பகவான் விடையிறுத்தார் என்பது நம் மரபு. ஆகவே, வினவுதல் நம் சமயத்துக்குப் பகையன்று.

இக்கோயிலைக் கி.பி. 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்து முகமண்டபம் எழுப்பியவர் யார்? மன்னரல்லர்; வணிகருமல்லர். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. பல்லாண்டுகள் ஆசிரியப் பணி செய்த எனக்கு அப்பெயர் தனி மகிழ்ச்சி தருகிறது.

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என நால்வகைத் தானம் கூறினர் நம் முன்னோர். பசித்தவனுக்குச் சோற்றையும் அறியாதவனுக்கு நூலையும் ஒரே வரிசையில் வைத்த நெறி இது. அந்நெறியின் பயனாகவே சீவக சிந்தாமணியும், பவணந்தி முனிவரின் நன்னூலும், மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் தமிழுக்கு வாய்த்தன. நன்னூல் கற்ற மாணவர் எச்சமயத்தாராயினும் அத்தானத்தைப் பெற்றவரே.

உ. வே. சாமிநாதையர் சைவர். 1887இல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதற்கு முன் ஐயங்கள் எழுந்தபோது கும்பகோணத்துச் சைன இல்லங்களை நாடினார். அங்கே அந்நூலை மரபாகப் படித்துவந்த இல்லறத்தார் பொருளை விளக்கினர். அவர்கள் படித்திராவிடில் அக்காப்பியத்தின் பல இடங்கள் இருண்டே கிடந்திருக்கும். மாற்றுச் சமயத்தார் கேட்க, நம்மவர் மறைக்காமல் உரைத்தனர். அநேகாந்தம் என்பது வாழ்வில் இதுவே.

இன்று நிலை யாது? தேவபூசை, குருசேவை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் ஆகிய ஆறும் இல்லறத்தாரின் அன்றாடக் கடமைகள். பூசை நடைபெறுகிறது, தானமும் நடைபெறுகிறது. சுவாத்தியாயம் மட்டும் பல இல்லங்களில் நின்றுவிட்டது. ஏடுகள் பேழையில் உறங்குகின்றன. இன்று ஒருவர் ஐயம் தீர்க்க நம் வாயிலுக்கு வந்தால் விடை கூற எத்தனை பேர் உளர்? புதுக்கோட்டைச் சீமையின் பல ஊர்களில் தீர்த்தங்கரர் திருமேனிகள் உள்ளன. பொருள் கூறும் குடிகள் இல்லை. கல் நிலைத்தாலும் கற்றல் நின்றால் சமயம் நில்லாது.

தாய்மார்களே! மாலை விளக்கேற்றிய பின் கால் நாழிகையேனும் ஒரு நூலை உரக்கப் படியுங்கள். பிள்ளையை ஒரு வினா கேட்கச் செய்யுங்கள். விடை தெரியாவிடில், தேடி நாளை கூறுவோம் என்று சொல்லுங்கள், தேடியும் கூறுங்கள். முகமண்டபம் எழுப்ப எல்லாராலும் இயலாது. ஒரு பிள்ளைக்கு ஆசிரியராய் இருத்தல் எல்லாராலும் இயலும்.

அறிவு வளர்க! அறம் ஓங்குக!