சுத்தபோசனத்தில் உப்பு



திருநீற்றுப் புதனை அடுத்து வரும் முதல் வெள்ளி இது. முதல் வாசகத்தில் எசாயா நம் நோன்பையே கேள்வி கேட்கிறார். நோன்பு நாளிலும் நீங்கள் உங்கள் விருப்பத்தைத்தானே தேடுகிறீர்கள் என்று ஆண்டவர் வருந்துவதைக் கேட்டோம்.

அந்த வருத்தத்தை மனதில் வைத்து, இன்று நம் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுத்தபோசனம் என்று இறைச்சியை விலக்கினோம். அந்த இடத்துக்கு நெத்திலிக் கருவாடு வந்தது, அப்பளம் வந்தது, மாங்காய் ஊறுகாய் வந்தது. கருவாட்டை நான் குறை சொல்லவில்லை. கடலுக்குப் போக முடியாத நாட்களில் நம் முன்னோரைக் காப்பாற்றிய உணவு அது. ஆனால் அன்றாடம் மூன்று வேளையும் உப்பில் ஊறியதே வேண்டும் என்று நாக்கு கேட்கிறதே, அதைப் பற்றித்தான் பேசுகிறேன். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு சிறு தேக்கரண்டி அளவு. குழம்பு, ஊறுகாய், மிக்சர், பிஸ்கட் எல்லாவற்றிலும் இருப்பதைச் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

மிகுந்த உப்பின் சுமை விழுவது சிறுநீரகத்தின் மேல். எரேமியா நூலின் 17-ஆம் அதிகாரத்தில், மனிதரின் இதயத்தையும் சிறுநீரகங்களையும் ஆய்ந்தறிபவர் ஆண்டவர் என்றே எபிரேய மூலம் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் அது உள்ளம், உள்ளுணர்வு என்று மாறிவிடுகிறது. மனிதனின் மிக மறைவான இடம் சிறுநீரகம் என்று அந்த மக்கள் நம்பினார்கள். லேவியர் நூலில், நல்லுறவுப் பலியில் விலங்கின் இரு சிறுநீரகங்களும் கொழுப்போடு ஆண்டவருக்கென்றே எரிக்கப்பட்டன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அவருக்கென்று ஒதுக்கிய உறுப்பை நாம் எப்படி நடத்துகிறோம்?

முதுகுப்புறம், விலா எலும்புக்குக் கீழே, கைப்பிடி அளவில் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றிவிட்டு, மீதி முழுவதையும் உடலுக்கே திருப்பித் தருகின்றன. உப்பு மிகும்போது உடலில் நீர் தேங்குகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, அந்த வடிகட்டிகளின் மெல்லிய குழாய்கள் அடிபடுகின்றன. சர்க்கரை நோயும் அதே இடத்தைத்தான் அரிக்கிறது. அழிந்த வடிகட்டி மறுபடி முளைப்பதில்லை. வலியும் இல்லை. பாதிக்கு மேல் பழுதான பிறகும் ஆள் நன்றாகவே நடமாடுவார்.

நோயாளருக்கு நற்கருணை கொண்டுபோகும்போது ஓர் அண்ணாச்சியைப் பார்ப்பேன். வல்லத்தில் கடலுக்குப் போனவர். பிரஷர் மாத்திரையை, "நல்லாத்தானே இருக்கேன் சாமி" என்று நிறுத்தியவர். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கியவர். அந்த வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது. இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம் டயாலிசிஸ். தண்ணீரை டம்ளர் கணக்கில் அளந்து குடிக்கிறார். நற்கருணைக்குப் பின் ஒரு மிடறு தண்ணீர் கொடுக்க அவர் மனைவி தயங்கி நின்றதை என்னால் மறக்க முடியவில்லை.

தாய்மார்களே, குழம்பில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி நமக்கு இருக்கின்றன. உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களே, ஒதுங்க இடமில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். அந்த இடத்தை அமைத்துத் தர வேண்டியது வேலை வாங்குபவரின் கடமை. ஒடுக்குமுறையை நீக்குவதே நோன்பு என்று எசாயா சொல்வது இதையும் சேர்த்துத்தான். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் தண்ணீரின் அளவு வேறு. குளிர்ச்சி என்று நாம் அன்போடு கொடுக்கும் இளநீரே, பொட்டாசியம் மிகுந்ததால், அவர்கள் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பாருங்கள்.

இன்று மாலை சிலுவைப்பாதை முடிந்ததும் வழக்கம்போல் மண்டபத்தில் கஞ்சி உண்டு. பாதி உப்புதான் போடச் சொல்லியிருக்கிறேன். தொட்டுக்கொள்ளக் கொத்தமல்லித் துவையல். ஊறுகாய் வாளி இந்தத் தவக்காலம் முழுவதும் வராது. நமது பங்கின் செவிலியர் சகோதரிகள் வாசலில் பிரஷர் பார்க்க அமர்ந்திருப்பார்கள். கஞ்சிக்கு முன் கையை நீட்டிவிட்டு வாருங்கள்.